போன வருஷம் இந்தப் பாடத்தை எப்படி நடத்தினோம்? ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கும் டிஜிட்டல் குறிப்புகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆசிரியர்கள் பலருக்கும் ஒரு கேள்வி வரும். "போன வருஷம் இந்தப் பாடத்தை எப்படி நடத்தினோம்? பிள்ளைகளுக்கு நல்லா புரிஞ்ச அந்த உதாரணம் என்ன?"

பதில் எங்கேயோ இருக்கும். பாதி பாடக்குறிப்பேட்டில். கொஞ்சம் பாடநூலின் ஓரத்தில், பென்சில் எழுத்தில். மீதி வாட்ஸ்அப்பில், ஆயிரம் 'குட் மார்னிங்' படங்களுக்கு அடியில். நடுவில் செல்போனை மாற்றியிருந்தால் அதுவும் போச்சு.

பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை இது. கல்லூரி விரிவுரையாளர், போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் வகுப்பெடுப்பவர், ஐடி நிறுவனத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி தருபவர் என்று சொல்லித்தரும் வேலையில் இருக்கும் எல்லோருக்கும் இது உண்டு. அனுபவம் வருஷா வருஷம் சேர வேண்டும். ஆனால் எழுதி வைக்காத அனுபவம் ஒவ்வொரு ஜூனிலும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது.

கையில் இருக்கும் செல்போனை வைத்தே இதைச் சரிசெய்ய முடியும். எப்படி என்று பார்ப்போம்.

பாடக்குறிப்பேடு இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பாடக்குறிப்பு எழுதுவது வழக்கமான வேலை. என்ன பாடம், கற்றல் விளைவு என்ன, எந்தத் துணைக்கருவி, எப்படி மதிப்பீடு என்று எழுதி, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். திட்டமிடாமல் வகுப்புக்குள் போகக்கூடாது என்பதுதான் இதன் நோக்கம். நல்ல நோக்கம்தான்.

ஆனால் அது வகுப்புக்கு முன்னால் எழுதப்படுவது. 'இன்று இதை நடத்துவேன்' என்பது அதில் இருக்கும். நடத்திய பிறகு என்ன ஆச்சு என்பது இருக்காது. 40 நிமிடத்தில் முடியும் என்று நினைத்தது இரண்டு பீரியட் இழுத்திருக்கலாம். பாடநூல் உதாரணம் எடுபடாமல், சட்டென்று சொன்ன பஸ் டிக்கெட் உதாரணம் புரிந்திருக்கலாம். அடுத்த வருஷத்துக்கு உண்மையில் தேவைப்படும் தகவல் இதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாடக்குறிப்பைப் பார்வையிட வருபவர் படிப்பார் என்ற எண்ணத்தோடுதான் பலரும் எழுதுகிறார்கள். அதனால் வாட்ஸ்அப் குழுவில் வரும் பிடிஎஃப்பைப் பார்த்து அப்படியே நோட்டில் இறக்கிவிடுவதும் நடக்கிறது. கையெழுத்து கிடைத்துவிடும்; வகுப்புக்கு அது பயன்படாது.

டிஜிட்டல் குறிப்பு அந்த நோட்டுக்கு மாற்று இல்லை. அது ஆசிரியர் தனக்காக, தனக்கு மட்டும் புரியும்படி எழுதிக்கொள்வது. யாரும் திருத்த மாட்டார்கள், அழகாக இருக்க வேண்டியதில்லை. தேடினால் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பு முடிந்ததும் 5 வரி

ஒரு பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். சமச்சீர் பாடநூலின் இரண்டாவது அலகு ஒளியியல். அதில் லென்சு சமன்பாட்டுக் கணக்கு வருகிறது. குவிலென்சின் குவியத் தொலைவு 10 செ.மீ. பொருள் 30 செ.மீ. தொலைவில் இருக்கிறது. பிம்பம் எங்கே விழும்? சரியான விடை 15 செ.மீ.

வகுப்பில் சிலருக்கு 7.5 என்று வரும். இந்தத் தப்பு இரண்டு வழியில் வரலாம். லென்சு சமன்பாட்டில் கழித்தல் குறி வரும். கோள ஆடிக்கான சமன்பாட்டில் கூட்டல் குறி வரும். ஒன்பதாம் வகுப்பில் ஆடியைப் படித்த ஞாபகத்தில் இங்கேயும் கூட்டல் போட்டால் 7.5. சமன்பாட்டைச் சரியாக எழுதி, பொருளின் தொலைவுக்கு மைனஸ் போட மறந்தாலும் அதே 7.5. விடை ஒன்றுதான். ஆனால் இரண்டு பேருக்கும் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ஒரே மாணவர் இரண்டு தப்பையும் சேர்த்துச் செய்தால், ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு 15 என்ற சரியான விடையே வந்துவிடும்! விடையை மட்டும் பார்த்து 'டிக்' போட்டால், ஒன்றுமே புரியாத மாணவர் புரிந்தவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். தேர்வில் எண்கள் மாறி, குழிலென்சு வந்தால் அங்கே மாட்டிக்கொள்வார்.

இதை வகுப்பில் கண்டுபிடிக்கும் ஆசிரியர், பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு நடக்கும்போதே செல்போனில் இப்படிப் பதிந்து வைக்கலாம்:

* எதிர்பார்த்தது 1 பீரியட், ஆனது 2.
* 7.5 என்று விடை வந்தால் எந்தத் தப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்: குறி மறந்ததா, ஆடிச் சமன்பாடா?
* 15 வந்தாலும் வழிமுறையைப் பார்.
* அடுத்த முறை கணக்குக்கு முன்னால் ஆடி, லென்சு இரண்டு சமன்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போர்டில் எழுது.
* ஜன்னல் வெளிச்சத்தைப் பூதக்கண்ணாடி வழியே சுவரில் விழவைத்தது நன்றாக எடுபட்டது.

எழுத 2 நிமிடம்கூட ஆகாது. இந்த 5 வரி எந்த கைடிலும் கிடைக்காது. அடுத்த வருஷம் ஒளியியல் தொடங்கும் முந்தைய நாள் இரவு இதைப் பார்த்தால் ஒரு பீரியட் மிச்சம். சொல்லித்தருவதில் ஏற்கனவே செய்த தவறும் திரும்ப நடக்காது.

எப்படி அடுக்கி வைப்பது?

டிஜிட்டல் குறிப்பில் பலரும் தோற்பது எழுதுவதில் இல்லை, அடுக்குவதில்தான். முதல் வாரம் கலர் கலராக 20 ஃபோல்டர், மூன்றாவது வாரம் எந்த ஃபோல்டரில் போட்டோம் என்றே தெரியாது. கடைசியில் விட்டுவிடுவார்கள். மூன்று விதிகள் போதும்.

முதல் விதி: தேதிவாரியாக அடுக்காதீர்கள், பாடவாரியாக அடுக்குங்கள். 'ஜூலை 14 குறிப்பு' என்றால் அடுத்த வருஷம் யாருக்கும் புரியாது. '10 அறிவியல் 02 ஒளியியல்' என்று தலைப்பு வையுங்கள். வகுப்பு, பாடம், அலகு எண், அலகின் பெயர் என எப்போதும் இதே வரிசை. எண்ணை 2 என்று எழுதாமல் 02 என்று எழுதினால், பத்தாவது அலகு இரண்டாவதுக்கு முன்னால் போய் உட்காராது.

இரண்டாவது விதி: ஒரு அலகுக்கு ஒரே பக்கம். திட்டம், போர்டில் வரைந்த படத்தின் போட்டோ, யூடியூப் லிங்க், பாடநூலின் க்யூஆர் கோடு வழியே கிடைத்த வீடியோ, யூனிட் டெஸ்ட் கேள்வி, வகுப்புக்குப் பின் எழுதிய 5 வரி எல்லாம் அதிலேயே. ஒவ்வொரு வருஷமும் புதுப் பக்கம் திறக்காமல், அதே பக்கத்தின் மேலே வருஷத்தைப் போட்டுத் தொடருங்கள். மூன்று வருஷம் ஆனதும் எந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்பது தானாகத் தெரியும்.

மூன்றாவது விதி: அவசரத்துக்கு ஒரு 'கூடை'. பஸ்ஸில் போகும்போது தோன்றும் ஐடியாவை எந்தப் பக்கத்தில் போடுவது என்று யோசித்தால் அது மறந்துபோகும். எல்லாவற்றையும் ஒரே குறிப்பில் கொட்டுங்கள். வெள்ளிக்கிழமை மாலை 15 நிமிடம் ஒதுக்கி, அந்தந்தப் பாடத்துக்கு மாற்றுங்கள். இந்த 15 நிமிடம் தவறினால் மற்ற இரண்டு விதிகளும் வேலை செய்யாது.

எந்த ஆப் நல்லது?

'பெஸ்ட் ஆப்' என்று ஒன்று கிடையாது. ஆசிரியரின் வேலை முறையைப் பொறுத்தது.

கூகுள் கீப்: 2013-ல் வந்தது. ஆண்ட்ராய்டு போன் இருந்தால் ஜிமெயில் கணக்கே போதும். சின்னக் குறிப்பு, செக்லிஸ்ட், குரல் பதிவு ஆகியவற்றுக்கு வேகமானது. மேலே சொன்ன கூடைக்கு இது பொருத்தம். ஆனால் நீளமான பாடங்களை இதில் அடுக்குவது கஷ்டம்.

மைக்ரோசாஃப்ட் ஒன்நோட்: நோட்டுப் புத்தகம், அதற்குள் பிரிவு, அதற்குள் பக்கம் என்று உண்மையான நோட்டு மாதிரியே இருக்கும். வகுப்பு, பாடம், அலகு என்ற அடுக்கு இதில் அப்படியே பொருந்தும். டேப்லெட்டில் பேனாவால் படம் வரையலாம். கணிதம், அறிவியல் ஆசிரியர்களுக்கு வசதி. இலவசமாகக் கிடைக்கும் ஒன்டிரைவ் இடம் 5 ஜிபி.

நோஷன்: அட்டவணை, காலண்டர், பக்கம் எல்லாவற்றையும் இணைக்கலாம். எந்தப் பிரிவுக்கு எத்தனை அலகு முடிந்தது என்று ஒரே பார்வையில் தெரியும். ஆனால் அமைப்பதிலேயே நேரம் போய்விடும். டெம்ப்ளேட்டை அழகுபடுத்துவது பாடம் தயாரிப்பது ஆகாது.

அப்சிடியன், ஜோப்ளின்: அப்சிடியன் குறிப்புகளைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களாக நம் கருவியிலேயே சேமிக்கும். ஜோப்ளின் திறந்த மூல மென்பொருள். இரண்டுமே இன்டர்நெட் இல்லாமல் ஓடும். கொஞ்சம் கம்ப்யூட்டர் பழக்கம் வேண்டும்.

கூகுள் டாக்ஸ்: குறிப்புக்கான ஆப் இல்லைதான். ஆனால் அலகுக்கு ஒரு டாக்குமென்ட் என்று வைத்து, டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. சக ஆசிரியரோடு சேர்ந்து எழுதவும் இதுதான் எளிது. கூகுள் கணக்கில் டிரைவ், ஜிமெயில், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி இலவசம்.

குழப்பமாக இருந்தால் கூடைக்குக் கீப், அலகுகளுக்கு டாக்ஸ் அல்லது ஒன்நோட் என்று தொடங்கலாம்.

தமிழில் எழுதும்போது வரும் தலைவலி

தமிழ் வழி ஆசிரியர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். காரணம், அந்த ஃபைலுக்குள் இருப்பது உண்மையில் தமிழ் எழுத்தே இல்லை. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். அதனால் 'ஒளியியல்' என்று தேடினாலும் கிடைக்காது.

யூனிகோடில் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. போனில் அடிக்கும் தமிழ் எல்லாம் யூனிகோடுதான். பழைய ஃபைல்களை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருளால் மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் மாற்ற உட்காராதீர்கள். அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரு வருஷத்தில் எல்லாம் மாறிவிடும்.

டைப் அடிக்கச் சோம்பலாக இருந்தால் ஜிபோர்டில் தமிழைத் தேர்ந்தெடுத்து மைக்கை அழுத்திப் பேசலாம். பேச்சுத் தமிழைவிடக் கொஞ்சம் எழுத்துத் தமிழில், நிதானமாகப் பேசினால் தப்பு குறையும். அச்சடித்த பக்கத்தை கூகுள் லென்ஸில் காட்டினால் தமிழ் எழுத்துகளைக் காப்பி செய்து ஒட்டலாம். போர்டில் சாக்பீஸால் எழுதியதைப் படிப்பதில் இது அவ்வளவு நம்பகமானது இல்லை. அதற்குப் போட்டோவை அப்படியே வைத்து, கீழே ஒரு வரித் தலைப்பு எழுதிவிடுவது நல்லது. தேடலில் அந்த வரி சிக்கும்.

ஆப்பையே மூடிவிட்டால்?

பத்து வருஷ உழைப்பை ஒரு நிறுவனத்தின் சர்வரில் வைக்கிறோம். இந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

எவர்நோட் ஒரு காலத்தில் டிஜிட்டல் குறிப்பு என்றாலே நினைவுக்கு வந்த பெயர். அதை இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனம் வாங்கியது. 2023 டிசம்பரில் இலவசப் பயனர்களுக்கு 50 குறிப்புகள், ஒரு நோட்டு என்று வரம்பு வந்தது. 'ஒன்நோட் ஃபார் விண்டோஸ் 10' என்ற ஆப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் நிறுத்தி, வேறு ஒன்நோட் ஆப்புக்கு மாறச் சொன்னது. தனிநபர் கூகுள் கணக்கை 2 ஆண்டுகள் தொடாமல் விட்டால், அதை நீக்க கூகுளின் கொள்கை இடம் தருகிறது.

இன்னும் பக்கத்தில் ஒரு ஆபத்து உண்டு. தனியார் பள்ளி அல்லது நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் குறிப்புகளைச் சேர்த்து வைத்தால், வேலையை விட்டு வரும் நாளில் கணக்கு மூடப்படும். உள்ளே இருப்பதும் அதோடு போய்விடும். நிறுவனத்துக்குச் சொந்தமான வினாத்தாள், மதிப்பெண் பட்டியல் அங்கேயே இருக்கட்டும். 'இந்தப் பாடத்தை எப்படிச் சொன்னால் புரியும்' என்ற சொந்த அனுபவக் குறிப்பைச் சொந்தக் கணக்கில் வைப்பது நல்லது.

தீர்வு எளிது. ஆண்டு விடுமுறையிலும் அரையாண்டு விடுமுறையிலும் ஒருமுறை, எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். கூகுள் சேவைகளுக்கு 'டேக்அவுட்' இருக்கிறது. நோஷன், எவர்நோட், ஜோப்ளினில் 'எக்ஸ்போர்ட்' இருக்கிறது. ஒன்நோட்டின் கம்ப்யூட்டர் பதிப்பில் பிடிஎஃப்பாக எடுக்கலாம். ஒரு பென்டிரைவில் போட்டு வைத்தால் நிம்மதி. எக்ஸ்போர்ட் வசதி இல்லாத ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மாணவர் பெயரை எழுதலாமா?

'7.5 என்று 9 பேர் எழுதினார்கள்' என்பது பாடத்தைப் பற்றிய குறிப்பு. 'இந்தப் பையன் எழுதவில்லை, வீட்டில் இப்படிப் பிரச்சினை' என்பது ஒரு குழந்தையின் தனிப்பட்ட விவரம். இரண்டாவதை இந்தக் குறிப்புகளில் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்களின் தரவைக் கையாளும் அமைப்புகள் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது அதன் பொது விதி. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன.

சட்டத்தைத் தாண்டி நடைமுறையிலும் யோசிக்க வேண்டும். போன் தொலையலாம். 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று தெரியாமல் அமைத்த டாக்குமென்ட் ஊர் சுற்றலாம். சாதி, உடல்நலம், குடும்ப நிலை, ஆதார் எண், தொலைபேசி எண், மாணவர் முகம் தெரியும் போட்டோ எதுவும் அங்கே வேண்டாம். ஒரு மாணவரைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்றால் உங்களுக்கு மட்டும் புரியும் அடையாளக் குறி போதும். போனுக்கும் கணக்குக்கும் லாக், இரண்டு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம்.

மாணவர்களோடு பகிரலாமா?

பகிரலாம். பள்ளி அல்லது கல்லூரிக்கு மைக்ரோசாஃப்ட் கல்விக் கணக்கு இருந்தால் ஒன்நோட்டின் 'கிளாஸ் நோட்புக்' கிடைக்கும். அதில் ஆசிரியர் மட்டும் எழுதி எல்லோரும் படிக்கும் பகுதி, எல்லோரும் சேர்ந்து எழுதும் பகுதி, ஆளுக்கொரு தனி நோட்டு என்று மூன்று பிரிவுகள். பாடப்பொருளையும் வீட்டுப்பாடத்தையும் கொடுத்து வாங்க மட்டும் என்றால் கூகுள் கிளாஸ்ரூம் போதும்.

ஆனால் முழுக் குறிப்பையும் பிடிஎஃப்பாகக் கொடுத்துவிட்டால் மாணவர் எழுத மாட்டார். 2014-ல் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தைக் கிளப்பியது. லேப்டாப்பில் குறிப்பெடுத்தவர்கள் பேச்சை வார்த்தைக்கு வார்த்தை பதிந்தார்கள். கருத்தைக் கேட்கும் கேள்விகளில் கையால் எழுதியவர்கள் அவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்றது அது. பின்னர் 2019-ல் அதைத் திரும்பச் செய்துபார்த்த ஆய்வில் அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. பேனாவா கீபோர்டா என்ற சண்டை முடியவில்லை. ஆனால் யோசிக்காமல் காப்பி அடித்தால் மண்டையில் ஏறாது என்பதை ஆசிரியர்கள் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் பாதிக் குறிப்பைக் கொடுத்து, மீதியை வகுப்பில் எழுத வையுங்கள். எல்லா வீட்டிலும் போனும் டேட்டாவும் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். டிஜிட்டலில் கொடுப்பது எதுவும் போர்டிலும் இருக்க வேண்டும்.

ஏஐ கருவிகளிடம் சொந்தக் குறிப்பைக் கொடுத்து 10 கேள்வி தயாரிக்கச் சொல்லலாம். நேரம் மிச்சமாகும். விடைகளை மட்டும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். ஒளியியல் கணக்கில் ஒரு மைனஸ் குறி என்ன செய்யும் என்று மேலேயே பார்த்தோம்.

எங்கே தொடங்குவது?

வருஷம் முழுக்க, எல்லா வகுப்புக்கும் என்று திட்டம் போட வேண்டாம். நாளை நடத்தப்போகும் ஒரு பாடம், ஒரு பக்கம், வகுப்பு முடிந்ததும் 5 வரி. ஒரு மாதம் இது நின்றால் இரண்டாவது பாடத்தைச் சேருங்கள்.

இதன் பலன் எழுதுபவரோடு நிற்பதில்லை. அரசுப் பள்ளியில் பொது மாறுதல் கலந்தாய்வு முடிந்து ஆசிரியர் வேறு ஊருக்குப் போகிறார். அந்தப் பள்ளியில் 8 வருஷம் சேர்த்த அனுபவமும் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வருபவருக்கு மேசையும் சாவியும் பதிவேடுகளும் ஒப்படைக்கப்படும். 'இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பின்னம் வராது, அதைத் தொட்டுவிட்டுத்தான் விகிதத்துக்குப் போகணும்' என்பதை யாரும் ஒப்படைப்பதில்லை. அலகுவாரியாக, மாணவர் பெயர் இல்லாமல் எழுதிய குறிப்பு என்றால் ஒரு லிங்கை அனுப்பினால் போதும். புது ஆசிரியரின் முதல் வருஷத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கும் முந்தைய எட்டு வருஷத்தின் பலன் கிடைக்கும்.